சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரே ஒரு சத்தம், அவ்ளோதான். பேட்டரியும் மாத்தியாச்சு, செல்ஃபும் பாத்தாச்சு

மடிப்பாக்கம் மணி
வெள்ளி, இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இப்போ வேற வழி இல்லாம எழுதுறேன். வண்டி 2012 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், மேனுவல் கியர், 81,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கம்பெனி பேரு வேணாம், போன தடவ யாரோ பேரு போட்டதுக்கு நாலு பக்கம் சண்டை நடந்ததைப் பாத்தேன்.

காலைல சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரே ஒரு சத்தம். எஞ்சின் சுத்தாது. திரும்ப திருப்பினா திரும்ப ஒரு டக். பத்து தடவ இப்படி ஆனதும் பதினோராவது தடவ ஒண்ணுமே நடக்காத மாதிரி கப்புனு ஸ்டார்ட் ஆகும். சில நாள் முதல் தடவயே எடுக்கும். எப்ப எடுக்கும் எப்ப எடுக்காதுன்னு ஒரு கணக்கே இல்ல.

இதுவரைக்கும் நடந்தது: முதல் தடவ நின்னப்ப பக்கத்து வீட்டு அங்கிள் ஜம்பர் கேபிள் கொண்டுவந்து அவர் வண்டி பேட்டரியோட சேத்துப் போட்டார், தொட்டவுடனே ஸ்டார்ட். சரி பேட்டரிதான்னு கடைக்குப் போனேன், அவங்களும் செக் பண்ணிட்டு சார்ஜ் கம்மியா இருக்கு சார் மாத்திடுங்கன்னாங்க, 35 ஆம்ப்-ஹவர் புதுசு, 4,600 ரூபா. மூணு நாள் நல்லா ஓடுச்சு, நாலாவது நாள் டக். மெக்கானிக்கிட்ட போனேன், அவர் செகண்ட் கியர்ல போட்டு தள்ளச் சொன்னார், ஸ்டார்ட் ஆச்சு, அப்போ செல்ஃப்தான் (எஞ்சினைச் சுத்திவிடுற மோட்டார்) போயிருக்குன்னு கழட்டி கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு (டக்னு இழுத்து மோட்டாருக்கு கரண்டு குடுக்கிற சுவிட்ச்) எல்லாம் புதுசு போட்டு 2,300. ஒரு வாரம் ஓடுச்சு. திரும்ப டக். இப்போ ஸ்கேனர் மாட்டிப் பாத்துட்டு கண்டபடி எரர் கோடு வருது, ஈசிஎம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், போயிருக்கும், செகண்ட்ஹேண்டுல 22,000 ஆகும்கிறார். வீட்டம்மா வித்துத் தொலைங்கன்னு சொல்றாங்க. கிளட்ச் வேற கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, மார்ச்லதான் கேபிள் மாத்தினேன், அது வேற கதை, அதுக்கு தனியா அழுவேன்.

22,000 போடலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க.

---

கோவை ரேடியேட்டர்
வெள்ளி, இரவு 10:05

ஏனுங்க, 22,000 போடறதுக்கு முன்னாடி பேட்டரி டெர்மினலைப் பாத்தீங்களா? வெள்ளையா பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்தி பிரஷ் போட்டுத் தேய்ச்சு இறுக்குனாலே பாதி வண்டி ஓடிப்போடும். கையில புடிச்சு ஆட்டிப் பாருங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் தப்பு. அப்பறம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோலு வந்ததுல இருந்து எந்த வண்டியும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆவறதில்லீங்க, என் வண்டியே

---

தாமிரபரணி தண்ணி
வெள்ளி, இரவு 10:31

இது க்ராங்க் சென்சார் அண்ணாச்சி, எஞ்சின் சுத்துறதைப் பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லுமே அது, கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க. எனக்கு இதேதான். பாளையங்கோட்டையில இருந்து நாகர்கோவில் போற வழியில டீ குடிக்க நிறுத்துனா திரும்ப எடுக்காது, அரை மணி நேரம் பானட்டைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தா எடுக்கும். சூடு ஏறுனா சென்சார் செத்துரும், ஆறுனா உசுரு வந்துரும். ஸ்கேனர்ல அந்த சென்சாரோட கோடு, பி0335னு காட்டுச்சு. மாத்துனேன், ரெண்டு வருசமா பிரச்சன இல்ல.

---

ராஜி ரிவர்ஸ்கியர்
வெள்ளி, இரவு 10:50

அண்ணாச்சி, உங்க வண்டியில எஞ்சின் சுத்துச்சு, ஆனா பத்திக்கல. இவருக்கு சுத்தவே இல்லையே. ரெண்டும் வேற வேற வியாதி. க்ராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், பிளக், காயில் இதெல்லாம் போனா செல்ஃப் "கிர்ர் கிர்ர்"னு நல்லா சுத்தும், எஞ்சின்தான் பிடிக்காது. சுத்தவே மாட்டேங்குதுன்னா பேட்டரி, வயர், செல்ஃப், சாவி சுவிட்ச், ரிலே, இந்த வட்டத்தைத் தாண்டி யோசிக்கவே வேணாம். சென்சாரைப் பத்தி செல்ஃப் மோட்டாருக்கு என்ன கவலை.

மணி சார், ஒரு சின்ன வேலை பண்ணுங்க. நாளைக்கு டக் வரும்போது ஹெட்லைட்டைப் போட்டுட்டு எதிர் சுவத்தைப் பாத்துக்கிட்டே சாவியைத் திருப்புங்க. லைட் செத்துப்போற அளவுக்கு மங்குதா, லேசா மங்குதா, இல்ல அப்படியே இருக்கான்னு சொல்லுங்க.

---

புது லைசென்ஸ்
வெள்ளி, இரவு 11:12

ஒரு டவுட்டு. தள்ளி ஸ்டார்ட் பண்றதுன்னா சாவி ஆன்ல இருக்கணுமா? என்னோடது ஆட்டோமேட்டிக், அதையும் தள்ளலாமா?

---

ராஜி ரிவர்ஸ்கியர்
வெள்ளி, இரவு 11:20

சாவி ஆன்ல இருக்கணும், கிளட்ச் மிதிச்சு செகண்ட் கியர், ஓடுற வேகம் வந்ததும் கிளட்சை விட்டு உடனே திரும்ப மிதிக்கணும். சாவியைப் போடாம தள்ளினா ஸ்டியரிங் பூட்டிக்கும், தள்ளினவங்களும் திட்டுவாங்க. ஆட்டோமேட்டிக்கைத் தள்ளாதீங்க, ஊர்ல இருக்கிற எல்லாரும் சேந்து தள்ளினாலும் எடுக்காது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நேரடிப் பிடிப்பு கிடையாது.

---

மடிப்பாக்கம் மணி
சனி, காலை 7:36

டெர்மினல் சுத்தமா இருக்கு, கையால அசைச்சா அசையல, புது பேட்டரி மாத்தும்போதே தேய்ச்சுதான் போட்டாங்க.

இன்னிக்கு காலைல ஏழு தடவ டக். ராஜி மேடம் சொன்ன மாதிரி சுவத்தைப் பாத்தேன். லைட் கொஞ்சம்கூட மங்கல. இம்மி அசையல. இது நல்லதா கெட்டதா?

---

பழைய டீசல்
சனி, காலை 8:15

எலி கடிச்சிருக்கும் பாருங்க. எங்க அபார்ட்மெண்ட்ல இந்த வருசம் மட்டும் மூணு வண்டி. ஒரு ராத்திரில செல்ஃபுக்குப் போற சின்ன வயரைக் கடிச்சுட்டுப் போயிடும், அந்த வயருக்கு என்ன ருசியோ தெரியல. நான் புகையிலை கட்டித் தொங்கவிட்டேன், பாச்சை உருண்டை போட்டேன், அதுமேலயே ஏறி உக்காந்து சாப்பிட்டுப் போயிருக்கு. வண்டியை நாலு நாளைக்கு மேல ஒரே இடத்துல நிறுத்தாம இருக்கிறதுதான் ஒரே வழி.

---

ராஜி ரிவர்ஸ்கியர்
சனி, காலை 8:40

சின்ன வயரை எலி கடிச்சிருந்தா டக் சத்தமே வராதே அண்ணா. டக்னு வருதுன்னா சாவி, ரிலே, சின்ன வயரு எல்லாம் வேலை செஞ்சு சொலினாய்டு இழுக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் ஏதோ நிக்குது.

லைட் மங்கலைன்னா என்னன்னா, செல்ஃப் சுத்த ஆரம்பிச்சா நூறு ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும், அப்போ எவ்ளோ நல்ல பேட்டரியா இருந்தாலும் லைட் ஒரு கணம் மங்கியே தீரும். பேட்டரி வீக்கா இருந்தா லைட்டு அணைஞ்சே போயிடும், கூடவே "டகடகடகடக"னு சொலினாய்டு அடிக்கும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. பேட்டரில சரக்கு இருக்கு, மோட்டாருக்குப் போய்ச் சேரல. எனக்கு இவ்ளோதான் தெரியும், திருச்சி அண்ணன் கடையை மூடிட்டு ராத்திரி வருவார், அவர் வரட்டும்.

---

கோவை ரேடியேட்டர்
சனி, காலை 9:02

அப்பவும் சொல்றனுங்க, எத்தனால் பெட்ரோல்

---

மட்டுறுத்துநர்
சனி, காலை 9:10

கோவை அண்ணா, எஞ்சின் சுத்தவே இல்லாத வண்டிக்கு பெட்ரோல் என்ன பண்ணும். எத்தனாலுக்கு தனி இழை இருக்கு, 140 பதிவு ஓடிட்டு இருக்கு, அங்க வாங்க. இங்க அடுத்து வர்றதை நீக்கிடுவேன்.

---

வயரிங்காரர் திருச்சி
சனி, இரவு 10:22

இப்பதான் கடை அடைச்சேன். முழுசும் படிச்சேன். மணி தம்பி, ஈசிஎம்முக்கு பத்து பைசா குடுக்காதீங்க. மூணு கேள்வி கேக்குறேன், நேரா பதில் சொல்லுங்க.

ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் போட்டாரே, கறுப்பு கிளிப்பை உங்க பேட்டரி மைனஸ்ல மாட்டினாரா, இல்ல எஞ்சின்ல எங்கயாவது இரும்புல மாட்டினாரா?

ரெண்டு, அந்த கிளட்ச் கேபிள். "வேற கதை"ன்னு சொன்னீங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க. பழைய கேபிளைக் கழட்டும்போது உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகின மாதிரி இருந்துச்சா?

மூணு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அன்னிக்கு வண்டி எங்க நின்னுச்சு? மடிப்பாக்கம்னு பேரைப் பாத்தேன், அதான் கேக்குறேன்.

---

மடிப்பாக்கம் மணி
சனி, இரவு 11:05

அண்ணே என்ன ஜோசியம் பாக்குறீங்களா?

1. அங்கிளை இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன், தூங்கப் போனவரை எழுப்பிட்டேன். எஞ்சினைத் தூக்கறதுக்கு ஒரு கொக்கி இருக்குமே, அதுல மாட்டினாராம். பேட்டரில கறுப்பு மாட்டக்கூடாதுன்னு அவருக்கு எப்பவோ யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

2. மெக்கானிக் காட்டினார், உள்ள வழவழன்னு இருக்க வேண்டிய குழாய் கருகிப் போய் கம்பியோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. டூப்ளிகேட் கேபிள் சார், அதான் இப்படின்னார். ஒரிஜினல் வாங்கிப் போட்டேன், இப்போ அதுவும் இறுகுது. ஒரு தடவ டக் டக்னு பண்ணிட்டு இருந்தப்ப கிளட்ச் பெடல் பக்கத்துல லேசா தீஞ்ச வாடை வந்துச்சு, குப்பை எங்கயோ எரிக்கிறாங்கன்னு நெனச்சுட்டேன்.

3. வீட்டு வாசல்லதான். டிசம்பர் 4-ம் தேதி காலைல எந்திரிச்சுப் பாத்தா சக்கரம் பாதி முழுகியிருந்துச்சு, சீட்டுக்கு வரல. ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணாம இழுத்துட்டுப் போய் ஆயில் எல்லாம் மாத்தித்தான் எடுத்தேன், அதுல தப்பு பண்ணல.

---

வயரிங்காரர் திருச்சி
சனி, இரவு 11:41

அதுல நீங்க பண்ணது ரொம்ப சரி. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் முடிச்சூர்ல இருந்து என் மாமா பையன் வண்டி வந்துச்சு, தண்ணி வடிஞ்சதும் ஒரு தடவ பாப்போம்னு சாவியைத் திருப்பியிருக்கான், சிலிண்டர்ல தண்ணி, தண்ணி அமுங்காது இல்லையா, கனெக்டிங் ராடு வளைஞ்சு எஞ்சினே போச்சு. அதை விடுங்க.

உங்க வண்டியில எர்த் போயிருக்கு. பேட்டரி மைனஸ்ல இருந்து எஞ்சினுக்கு கரண்டு திரும்பி வர்ற வழி.

எப்படின்னு சொல்றேன், பொறுமையா படிங்க. பேட்டரி பிளஸ்ல இருந்து தடி வயர் நேரா செல்ஃபுக்குப் போகும். செல்ஃப் எஞ்சின் கியர்பாக்ஸோட போல்ட்டுல உக்காந்திருக்கு, அதோட மைனஸ் அந்த இரும்புதான். ஆனா எஞ்சின் நிக்கிறது ரப்பர் மவுண்டிங் மேல, ரப்பர்ல கரண்டு போகாது. அதனால பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு எர்த் ஸ்ட்ராப் போட்டிருப்பாங்க, தலை பின்னின மாதிரி செம்புக் கம்பி, இல்லன்னா தடி கறுப்பு வயர். பேட்டரி மைனஸ் பாடில மாட்டியிருக்கும். செல்ஃப் இழுக்கிற அவ்ளோ கரண்டும் அந்த ஒரு ஸ்ட்ராப் வழியாத்தான் திரும்பி வரணும்.

அது உங்க வண்டியில எங்க இருக்கும்னா பேட்டரி தட்டுக்குக் கீழ, கியர்பாக்ஸ் பக்கத்துல, கிட்டத்தட்ட பாதி சக்கர உயரத்துல. ரெண்டு நாள் சாக்கடைத் தண்ணில ஊறியிருக்கு. செம்பு அன்னிக்கே சாகாது, உள்ளுக்குள்ள பச்சை பூத்து ஒவ்வொரு இழையா ஒன்றரை வருசம் எடுத்து சாகும்.

இப்போ மெயின் ரோட்டை அடைச்சா வண்டியெல்லாம் சந்துல பூரும்ல? அதே கதைதான். ஸ்ட்ராப் வழியா வர முடியாத கரண்டு, எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கிட்டு இருக்கிற வேற எந்த இரும்பு வழியாவாவது வரப் பாக்கும். உங்க வண்டில அது கிளட்ச் கேபிள். சைக்கிள் பிரேக் கம்பி மொத்தம் இருக்கிற கம்பில அம்பது அறுபது ஆம்ப்ஸ் ஓடினா என்ன ஆகும், சூடேறி உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கும், பெடல் கல்லாகும். பாவம், டூப்ளிகேட் கேபிள் மேல பழி போட்டுட்டாங்க. என் கடைக்கு வர்ற வண்டில செல்ஃப் எடுக்கல, கிளட்ச் இறுகுதுன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா நான் வேற எதையும் பாக்க மாட்டேன், எர்த்தைத்தான் பாப்பேன்.

அங்கிள் கறுப்பு கிளிப்பை எஞ்சின் கொக்கில மாட்டினார்ல, அவருக்கே தெரியாம அந்த செத்துப்போன ஸ்ட்ராப்பைத் தாண்டி வழி போட்டுக் குடுத்துட்டார். அதான் தொட்டவுடனே எடுத்துச்சு. அதைப் பாத்துட்டு பேட்டரிதான்னு முடிவு பண்ணிட்டீங்க. பேட்டரி மைனஸ்லயே மாட்டியிருந்தா அன்னிக்கே எடுத்திருக்காது, 4,600 மிஞ்சியிருக்கும். ஆனா அவர் பண்ணதுதான் முறை, அதையும் சொல்லிடுறேன். கடைசி கிளிப்ல பொறி பறக்கும், பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும், அதனால பேட்டரியைத் தள்ளி எஞ்சின் இரும்புலதான் மாட்டணும்.

ஹெட்லைட்டுக்கு எர்த் பாடில இருக்கு, எஞ்சின் வழியா வரல, அதான் மங்கல. ராஜிம்மா சரியாத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க.

நாளைக்கு காலைல ஒரே ஒரு சோதனை. மீட்டர் வேணாம். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். அங்கிள்கிட்ட ஜம்பர் கேபிள்ல கறுப்பை மட்டும் வாங்குங்க, ஒரு முனை எஞ்சின் கொக்கில, இன்னொரு முனை உங்க பேட்டரி மைனஸ்ல. வேற வண்டி வேணாம், சிவப்பைத் தொடவே வேணாம். ஆனா டக் வர்ற நேரமா பாத்துப் போடுங்க, நல்லா எடுக்கிற நேரத்துல போட்டா ஒண்ணும் தெரியாது.

---

மடிப்பாக்கம் மணி
ஞாயிறு, காலை 6:58

அஞ்சு தடவ டக். கறுப்பு கேபிளை மாட்டினேன். ஆறாவது தடவ சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். நிறுத்திட்டு திரும்ப, ஸ்டார்ட். திரும்ப, ஸ்டார்ட். கேபிளைக் கழட்டினேன், டக். மாட்டினேன், ஸ்டார்ட்.

அங்கிள் லுங்கியோட வந்து கேட்ல நிக்கிறார், என்னடா காலங்காத்தால வண்டியோட விளையாடுறேன்னு. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல, மொத்தம் 6,900 போச்சு, கேபிள் காசு தனி.

---

தாமிரபரணி தண்ணி
ஞாயிறு, காலை 7:30

அடேங்கப்பா. க்ராங்க் சென்சாரை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.

---

மடிப்பாக்கம் மணி
திங்கள், இரவு 8:15

ஆனா அண்ணே ஒரு குழப்பம். இன்னிக்கு ஆபீஸ் முடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தா ஸ்ட்ராப் இருக்கு, கறுப்பு உறை போட்டது, வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பக்கமும் போல்ட் டைட்டா இருக்கு. மீட்டரை பீப் அடிக்கிற இடத்துல வச்சு ஒரு முனையை எஞ்சின்லயும் ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் வச்சேன், நல்லா பீப் அடிக்குது. அப்போ ஸ்ட்ராப் நல்லாத்தானே இருக்கு?

---

வயரிங்காரர் திருச்சி
திங்கள், இரவு 10:40

இந்த பீப்பை நம்பித்தான் எத்தனையோ பேர் ஏமாறுறாங்க. நூறு இழைல ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அனுப்புறது கொசுக்கடி கரண்டு. தெருக்குழாய்ல சொட்டுத் தண்ணி வருதேன்னு தீயணைப்பு வண்டிக்கு அதுல பைப் போட முடியுமா. கணக்கைப் பாருங்க, அந்த வழில வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலும் நூறு ஆம்ப்ஸ் ஓடினா 5 வோல்ட் அங்கயே தொலைஞ்சிடும், 350 ரூபா மீட்டருக்கு 0.05 ஓம் கண்ணுக்கே தெரியாது.

கரண்டு ஓடும்போதுதான் அளக்கணும். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ஒரு ஆளை உள்ள உக்கார வச்சு சாவியைத் திருப்பச் சொல்லுங்க, ரெண்டு செகண்டுக்கு மேல வேணாம், கிளட்ச் கேபிளை இன்னும் கருக்காதீங்க. முதல்ல பேட்டரி மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பிளஸ், மைனஸ் ரெண்டு கம்பத்துலயும் வச்சு எழுதிக்கங்க. அப்புறம் பேட்டரி மைனஸ் கம்பத்துல ஒண்ணு, எஞ்சின் இரும்புல ஒண்ணு. அப்புறம் பேட்டரி மைனஸ் கம்பத்துல ஒண்ணு, பாடி இரும்புல ஒண்ணு. கம்பத்துலன்னா கம்பத்துலயே, அதுமேல இருக்கிற கிளாம்ப்ல இல்ல. சாவியைத் திருப்பும்போது வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க.

---

மடிப்பாக்கம் மணி
செவ்வாய், காலை 7:20

வீட்டம்மாவை உள்ள உக்கார வச்சு எடுத்தேன், வித்துத் தொலைங்கன்னு சொன்னவங்க இப்போ நம்பரை அவங்களே நோட்டுல எழுதுறாங்க.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. சாவியைத் திருப்பும்போது பேட்டரி 11.9. மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவுல 8.4. மைனஸ் கம்பத்துக்கும் பாடிக்கும் நடுவுல 0.1.

---

வயரிங்காரர் திருச்சி
செவ்வாய், காலை 7:45

கடை திறக்கிற அவசரத்துல எழுதுறேன். எஞ்சினுக்கு அரை வோல்ட்டுக்குக் கீழ வரணும், 0.2 வந்தா ரொம்ப நல்லது. உங்களுக்கு 8.4. பேட்டரில இருந்து கிளம்பின 11.9ல 8.4 ஸ்ட்ராப்ல தொலையுது, செல்ஃபுக்கு மிச்சம் மூணரை, அதை வச்சு சொலினாய்டு கடிச்சுப் பிடிச்சிக்கிட்டு இருக்கும், மோட்டார் சுத்தாது. பாடிக்கு 0.1, அந்தப் பக்கம் சுத்தம். பாடி–எஞ்சின் ஸ்ட்ராப் மட்டும்தான்.

மாத்துங்க. ஜிபி ரோடுல ஸ்பேர் கடைங்கள்ல ரெடிமேடா கிடைக்கும். இல்லன்னா பேட்டரி வயர் விக்கிற கடைல குறைஞ்சது 16 ஸ்கொயர் எம்எம், முடிஞ்சா 25, ரெண்டு பக்கமும் லக்கு (போல்ட் மாட்டுற வளையம்) வச்சு மெஷின்ல அமுக்கித் தரச் சொல்லுங்க, சுத்தியல்ல தட்டினது வேணாம். போல்ட் உக்கார்ற இடத்துல பெயிண்ட் துரு ரெண்டும் போற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, இரும்பு பளபளன்னு தெரியணும். இறுக்கினப்புறம் மேல வாசலின் தடவுங்க, இறுக்கினப்புறம், முன்னாடி இல்ல. வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரி மைனஸை முதல்ல கழட்டிடுங்க.

---

கோவை ரேடியேட்டர்
செவ்வாய், காலை 8:30

வீட்டு வயரிங்ல மிச்சமான வயர் கொஞ்சம் இருந்தா அதையே முறுக்கி ரெண்டா மடிச்சுப் போட்டா ஆவாதுங்களா? எதுக்கு ஜிபி ரோடு வரைக்கும்.

---

ராஜி ரிவர்ஸ்கியர்
செவ்வாய், காலை 8:52

கோவை அண்ணா, கிளட்ச் கேபிளே கருகிப்போச்சுன்னு ரெண்டு நாளா பேசிட்டு இருக்கோம், நீங்க ஃபேன் வயரைப் போடச் சொல்றீங்க. அது இரண்டரை ஸ்கொயர் எம்எம் இருந்தா அதிகம்.

---

கோவை ரேடியேட்டர்
செவ்வாய், காலை 8:58

சரிங்க சரிங்க. கேட்டாத்தானுங்க தெரியும்.

---

மடிப்பாக்கம் மணி
சனி, மதியம் 1:30

முடிஞ்சது! கொஞ்சம் பெருசா எழுதுறேன், மன்னிக்கணும், இத்தனை பேரு மெனக்கெட்டிருக்கீங்க.

ஸ்ட்ராப் ஜிபி ரோடுல 180 ரூபா. பேட்டரியையும் தட்டையும் கழட்ட பத்தாம் நம்பர், பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் போதும், ஆனா கியர்பாக்ஸ் பக்க போல்ட் துருப்பிடிச்சு வரமாட்டேன்னு அடம், எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து பைப் போட்டு நெம்பினேன், கையில தோல் போச்சு. பழைய ஸ்ட்ராப்பை வெளிய எடுத்து வளைச்சேன், வறுத்த அப்பளம் மாதிரி உள்ள நொறுங்குற சத்தம். பிளேடு போட்டு உறையைக் கிழிச்சா கம்பியே இல்ல, பச்சைப் பொடி கொட்டுது, நடுவுல நாலஞ்சு இழை மட்டும் கறுத்துப்போய் பிடிச்சிக்கிட்டு இருக்கு. அதுலதான் என் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கு.

புதுசு போட்டதும் அளந்தேன், 8.4 இருந்த இடத்துல 0.15. செல்ஃப் சுத்துற சத்தமே வேற, இந்த வண்டி இவ்ளோ வேகமா சுத்தும்னே எனக்கு மறந்துபோச்சு. இன்னொண்ணு கவனிச்சேன், எஞ்சின் ஓடும்போது லைட், ஏசி எல்லாம் போட்டு பேட்டரில அளந்தா முன்னாடி 13.1 காட்டிட்டு இருந்துச்சு, இப்போ 14.2. ராத்திரி லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு லேசா ஆடும், அதுவும் நின்னுபோச்சு. மெக்கானிக்கிட்ட போய் ஸ்கேனர் போடச் சொன்னேன், அந்த எரர் கோடு எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பாத்தா ஒரு கோடும் திரும்பி வரல. அவர்கிட்ட பழைய ஸ்ட்ராப்பைக் காட்டினேன், ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இதை நான் வச்சுக்கவான்னு கேட்டார். நல்ல மனுசன்தான், குடுத்துட்டேன். கிளட்ச் கேபிளை கூலி வாங்காம மாத்தித் தந்தார்.

ஒரே ஒரு கேள்வி. அப்போ ஒவ்வொரு வேலை பண்ணதுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சே, அது எப்படி?

---

வயரிங்காரர் திருச்சி
சனி, இரவு 10:15

ரொம்ப சந்தோசம் தம்பி. 13.1 இருந்துச்சுன்னா ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) கரண்டும் அதே செத்த ஸ்ட்ராப் வழியாத்தான் சுத்தி வந்திருக்கு, அதனால உங்க பழைய பேட்டரி என்னிக்குமே முழுசா சார்ஜ் ஏறியிருக்காது. கடைக்காரர் சார்ஜ் கம்மின்னு சொன்னது பொய் இல்ல. புதுசு முழு சார்ஜோட வந்துச்சு, அந்த தெம்புல மூணு நாள் தள்ளியிருக்கும். செல்ஃப் கழட்டும்போது அந்த ஸ்ட்ராப்பை ஒதுக்கி மடக்கி இருப்பாங்க, உள்ள நாலு இழை ஒண்ணோட ஒண்ணு திரும்ப ஒட்டியிருக்கும், எஞ்சின் ஆடி ஆடி ஒரு வாரத்துல அதுவும் விட்டுப்போச்சு.

பழைய பேட்டரி எங்க? எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டீங்களா?

---

மடிப்பாக்கம் மணி
சனி, இரவு 10:32

இல்லண்ணே, கடைல எழுநூறுதான் தருவேன்னாங்க, மச்சான் கேட்டான்னு சும்மா குடுத்தேன். அவன் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டு அவன் வண்டில மாட்டிட்டான். ரெண்டு மாசமா முதல் தட்டுல ஸ்டார்ட் ஆகுதாம். இப்பதான் போன் பண்ணிக் கேட்டேன், திருப்பித் தரமாட்டானாம்.